நாலு மணிக் கூட்டம்

மணி நாலாகப் போகிறது. இன்னும் புஷ்பம் அந்தக் கவச உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கவரைக் கிழித்தாகிவிட்டது. இனி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலை நுழைத்து, இடுப்புக்கு ஏற்றி, கையை விட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுக்க வேண்டும். பிறகு முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. போன வருஷத்திலிருந்து போட்டுப் போட்டுக் கைக்குப் பாடமாகிப் போன வேலை. இன்றைக்கு என்னவோ கை எழும்ப மாட்டேன் என்கிறது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நினைப்பு ஓடியது. சீ என்று விரட்டினாள், அந்தச் சனியன் மூலையில் போய் நின்றுகொண்டு அவளையே பார்த்தது. நெற்றி சில்லென்றுதான் இருந்தது. எதிரே கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் பெண்கள் கொரோனா வார்டு. மதியத்திலிருந்து அதற்குள் நிற்கிறவள் நர்ஸ் மாரிச்செல்வி. புஷ்பம் உள்ளே போனால்தான் அவள் வெளியே வரலாம், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம். இது தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். தெரியாமல் உட்கார்ந்திருந்தாலாவது மன்னிக்கலாம். சற்று முன் மாரிச்செல்வி வந்து கதவைத் தட்டினாள். நெஞ்சில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்த பெயரை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது. அந்த உடுப்புக்குள் போய்விட்டால் கலெக்டரும் துப்புரவுக்காரரும் ஒன்றுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேச்சு கேட்காது, அதனால் எல்லாரும் கையால் பேசப் பழகியிருந்தார்கள். மாரிச்செல்வி ஒரு விரலைக் காட்டினாள். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்தாள். ஒரு ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். எந்தக் கட்டில் என்று புஷ்பம் வாயசைத்துக் கேட்டாள், தன் வாயும் சாதா மாஸ்க்குக்குள் இருப்பது நினைவில்லாமல். அதற்குள் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், மாரிச்செல்வி திரும்பிப் போய்விட்டாள். அப்போது மடியில் விழுந்த கைதான். இன்னும் அங்கேயே கிடக்கிறது.

எட்டாம் கட்டிலாக இருக்கக் கூடாது. இல்லை, இப்போது அது ஏழு. ஏழாக இருக்கக் கூடாது. ஆண்டவரே, ஏழாக இருக்கக் கூடாது. அப்படியானால் வேறு யாராவது போயிருக்கலாமா என்று உள்ளுக்குள் ஒருத்தி கேட்டாள். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. நாலு மணி. நாலு மணி என்றாலே முன்பெல்லாம் தலைவலிதான் அவளுக்கு. பார்வையாளர் நேரம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தானோ இல்லையோ, அடித்துப் பிடித்துக்கொண்டு படியேறி வரும் கூட்டம். வயர்கூடை, தூக்குச்சட்டி, பிளாஸ்க், ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாட்டுக்கோழி ரசம். குடல் ஆபரேஷன் முடிந்து வெறும் டிரிப்ஸில் கிடப்பவளுக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்து, "மணத்தையாவது பிடிச்சிக்கிடட்டும் சிஸ்டர்" என்ற புண்ணியவான்கூட உண்டு. ஒரு நோயாளிக்கு எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். டிரிப்ஸ் ஸ்டாண்டில் கூடையை மாட்டுவார்கள். ஒருத்தி தரையில் சம்மணம் போட்டு, நோயாளியின் தலையை மடியில் இழுத்துப் போட்டு எண்ணெய் வைத்துப் பின்னலே போட்டு முடித்துவிடுவாள். புஷ்பத்துக்கு வாய் நீளம். பட்டாசு சிஸ்டர் என்றுதான் அவளுக்குப் பெயர், அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. "இது ஆஸ்பத்திரியா கல்யாண வீடா? ஒரு ஆளுக்கு மேல நிக்கக் கூடாது, கெளம்புங்க, கெளம்புங்க!" "இந்தா போயிருதோம் சிஸ்டர்" என்பார்கள். போவது அடுத்த கட்டில்வரைதான். அங்கே நின்று அந்த நோயாளியை நலம் விசாரிப்பார்கள், எந்த ஊர், எத்தனை பிள்ளை, மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாச்சா. புஷ்பம் முதுகைத் திருப்பினதும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். ஆறு மணிக்கு அவர்களை விரட்டி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிடும். போகிற போக்கில் யாராவது அவள் கோட்டுப் பைக்குள் ஒரு முறுக்கைத் திணித்துவிட்டுப் போவார்கள், மல்லிகைப்பூவில் ஒரு கண்ணி கிள்ளிக் கொடுப்பார்கள். திட்டு வாங்கினவளே கொடுப்பாள், அதுதான் வேடிக்கை. வீட்டுக்குப் போய்ப் புருஷன் தானியேலிடம் புலம்புவாள்: "இந்தக் கூட்டத்த ஒழிச்சாத்தான் சீக்காளி பிழைப்பான். ஒருநா, ஒரே ஒரு நாளாவது எவரும் வராம இருந்தா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்துவேன்." தானியேல் சிரித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுவான். கேட்டது கிடைத்துவிட்டது. கேட் பூட்டியிருக்கிறது, வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சுகளுக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள், படியில் நாய் படுத்திருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்றால் கோயிலும் பூட்டியிருக்கிறது.

கூட்டம் இருந்தவரை தப்பு நடக்க வழியே கிடையாது, அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் போனால்கூட ஒரு மருமகள் கையைப் பிடிப்பாள், "இது காலம்பரயே குடுத்தாச்சே சிஸ்டர்" என்று. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பெயர் இருந்தது. பெயர் இல்லாவிட்டால் ஒரு ஊராவது இருந்தது, கயத்தாறு அக்கா, கழுகுமலை அம்மா. இரண்டாவது நாளே இவளுக்கு எல்லார் கதையும் அத்துப்படி. யார் வீட்டில் சொத்துத் தகராறு, எந்த மருமகன் குடிக்கிறான். இப்போது வாயும் மூக்கும் மூடி, ஆக்சிஜன் சீராக ஏறுவதற்காகக் குப்புறப் படுக்கவைத்த உடம்புகள். எல்லாருக்கும் ஒரே பச்சைக் கவுன், ஒரே நரைமுடி. மூணுக்கு ஊசி, ஒன்பதுக்கு இருபது லிட்டர், பதினாலு சாப்பிடல. போன வாரம் மகனிடம் போனில் பேசும்போது, "நல்லா சாப்பிடு பதினாலு" என்று அவள் வாயில் வந்துவிட்டது. அவன் சிரித்தான். "எம்மா, எனக்குப் பத்தொம்பது முடியப் போவுது" என்றான், வயதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தூங்கித் தீர்த்தால் சரியாகிவிடும் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். அவருக்கே கண் உள்ளே போய்க் கிடந்தது, அவர் எங்கே தூங்கினார். தூங்கினால் கனவிலும் ஆக்சிஜன் மீட்டர் குமிழ்விடுகிற சத்தம்தான். அப்படி ஒரு மண்டைக் கனத்தோடுதான் நேற்றும் நாலு மணிக்கு உள்ளே போனாள். போனதுமே வார்டு போன் அடித்தது. பாலிதீன் உறைக்குள் போட்டு ஒட்டின அந்தப் போன். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பெண், கோமதி என்று பெயர், முந்தின நாளிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தவள். "சிஸ்டர், எட்டாம் நம்பர் கட்டிலு, ஆவுடையம்மா, எங்கம்மா. ஒரே ஒரு தடவ மொகத்தக் காட்டுங்க." புஷ்பம் வீடியோவைப் போட்டுக்கொண்டு எட்டாம் நம்பர் கட்டிலுக்குப் போனாள். ஸ்பீக்கரை நன்றாகக் கூட்டி வைத்தாள், இந்த இரைச்சலில் காதில் விழ வேண்டுமே. குப்புறக் கிடந்தவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். "உங்க மக பேசுதா, பாருங்க."

அந்தப் பெண் எப்படிப் பேசினாள். நெட் விட்டுவிட்டு வருகிறது, உறை வேறு மங்கல், மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும். இருந்தாலும் தாயைக் கண்டுவிட்ட அவசரத்தில் மூச்சு விடாமல் பேசினாள். "எம்மா, நாந்தாம்மா. பயப்படாத. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுருக்கு, ஒண்ணு முழுக்கக் கருப்பு. பொங்கலுக்கு வரலன்னு மனசுல வச்சிக்கிடாதம்மா, கோவத்துல சொல்லிட்டேன், உன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு. நா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ வந்துரும்மா, வந்து என்ன நாலு அடி வேணாலும் அடி." கட்டிலில் கிடந்தவள் நடுங்குகிற விரலை நீட்டிப் போனைத் தொட்டாள். தடவினாள். கண்ணிலிருந்து தண்ணீர் மாஸ்க்கின் விளிம்புக்குள் இறங்கியது. அப்போதுதான் கோமதி சொன்னாள், "சிஸ்டர், அம்மா கையக் காட்டுங்க, பச்சை குத்தின கை, அதப் பாத்தாத்தான் எனக்கு தைரியம் வரும்." புஷ்பம் கையைப் பிடித்துத் திருப்பினாள். பச்சை இல்லை. இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தக் கையைப் பார்த்தாள். எதிலும் இல்லை. இது ஆவுடையம்மா இல்லை. முந்தின இரவே கட்டிலை மாற்றியிருக்கிறார்கள். எட்டாம் கட்டிலின் சுவர்க்குழாயில் காற்று குறைந்துவிட்டதால், அதிகம் தேவைப்பட்ட ஆவுடையம்மாளை ஏழுக்குக் கொண்டுபோய், ஏழிலிருந்தவளை எட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். புஷ்பத்துக்கும் சொல்லித்தான் இருந்தார்கள், கேட்டுத் தலையும் ஆட்டியிருந்தாள். எட்டில் கிடந்த இவள் வெள்ளத்தாய். 108 வண்டி கொண்டுவந்து விட்டுப் போனவள், யாரும் கூட வரவில்லை, ஒரு நாளும் யாரும் கூப்பிடவில்லை. அவளுடைய இன்னொரு கை புஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பலம். போனை எடுத்துவிடாதே என்கிற பிடி. எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. "சிக்னல் சரியில்லம்மா, பேசுங்க, அவங்களுக்குக் கேக்குது" என்று சொன்னவள் யார்? பட்டாசு சிஸ்டரா சொன்னாள் அதை? கோமதி அழுது முடித்து, நாளைக்கும் நாலு மணிக்குப் பேசுகிறேன் என்று வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் பெற்ற தாய் குப்புறக் கிடந்தாள், முகம் அந்தப் பக்கம். அவளிடம் போகலாம், உடனே திருப்பிப் போன் போடலாம் என்று அடி எடுத்து வைப்பதற்குள் இரண்டாம் கட்டிலுக்கு மூச்சுத் திணறல். ஓடினாள். அதற்குப் பிறகு மூணு, பிறகு சிலிண்டர் வண்டி, பிறகு டியூட்டி முடிந்துவிட்டது. உடுப்பைக் கழற்றி, குளித்து, நர்ஸுகளைத் தங்கவைத்திருக்கிற விடுதி அறைக்குப் போய், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மல்லாந்து கிடந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாள்தானே, நாளைக்கு நாலு மணிக்குச் சரியாகக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். நாளைக்கு. இந்த வார்டில் நாளைக்கு என்று சொல்ல எவ்வளவு துணிச்சல்.

அதனால்தான் எழும்ப முடியவில்லை. ஒரு விரல். கவிழ்த்த கை. அதிகம் காற்று வேண்டியிருந்தது ஆவுடையம்மாளுக்குத்தான், கணக்குப்படி போகிறவள் அவள்தான். போயிருந்தால், மகள் மன்னிப்புக் கேட்டதைக் கேட்காமல் போனவள். இனி அந்தக் கோமதி ஆயுசுக்கும் சொல்வாள், கடைசியா அம்மாகிட்ட பேசிட்டேன், எங்கம்மா அழுதா, என் கோவத்த மன்னிச்சிட்டா என்று. அப்படியே நினைத்துக்கொள்ளட்டுமா? சொல்லிவிட வேண்டுமா? எந்த வாயால் சொல்வது? இல்லை, இப்படியே எழுந்து மேட்ரனிடம் போய், மேடம் எனக்கு முடியல, மூணு மாசம் லீவு குடுங்க என்று சொல்லிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள், அவர்களை நினைத்தால் இவளுக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வருகிறது. வீட்டில் போய்ப் படுக்கலாம். தானியேல் ரசம் வைப்பான், உப்புப் போட மறந்திருப்பான். ஆனால் நாலு மணி ஆகும்போது அந்தப் போன் அடிக்குமே, யாரோ எடுப்பார்களே, எடுத்து, எட்டாம் நம்பர் கட்டிலுக்கு மறுபடியும் போவார்களே. அல்லது வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு, அம்மா தூங்குறாங்க என்று சொல்வார்களே. முன்பு ஒரு காலத்தில், யாராவது இறந்தால், கூட்டம் முழுக்க அந்தக் கட்டிலைச் சுற்றி வந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொள்வார்கள். அதற்கும் திட்டியிருக்கிறாள் புஷ்பம், மத்த சீக்காளிங்க பயப்படுவாங்க, சத்தம் போடாதீங்க என்று. இப்போது சாவில் சத்தமே இல்லை. ஒரு விரல், ஒரு கவிழ்த்த கை. அந்தச் சத்தம் வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. கருவாட்டு நாற்றமும், எண்ணெய்த் தலைகளும், டிரிப்ஸ் ஸ்டாண்டில் ஆடுகிற வயர்கூடையும் வேண்டும் என்று இருந்தது. அந்தப் பாழாய்ப்போன கூட்டம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் திரும்பி வந்தால், ஒருத்தரையும் விரட்டாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. மாரிச்செல்வி. இந்தத் தடவை கையால் ஒன்றும் பேசவில்லை, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு நின்றாள். நிற்க முடியாமல் நிற்கிறாள் என்று பார்த்த உடனே தெரிந்தது. புஷ்பத்தின் கால் உடுப்புக்குள் போனது எப்போது என்று அவளுக்கே தெரியாது. ஜிப், மாஸ்க், கண்ணாடி, உறை. நெஞ்சில் பெயரைத் தானே எழுதினாள், எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. உள்ளே நுழைந்ததும் வியர்வை பொங்கியது, கண்ணாடியில் ஆவி படர்ந்தது. "எங்க போனிய சிஸ்டர், நா செத்தேன்" என்றாள் மாரிச்செல்வி, மாஸ்க்குகளுக்கு உள்ளிருந்து கத்தி. "மன்னிச்சிக்க தாயி" என்றாள் புஷ்பம். எந்தக் கட்டில் என்று கேட்கவில்லை. மாரிச்செல்வி மீதியை எல்லாம் ஒப்பித்தாள், ஒன்று தேவலை, மூணுக்கு டாக்டர் மருந்து மாற்றியிருக்கிறார், புஷ்பத்துக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நடந்தாள். நாலு, அஞ்சு, ஆறு. எட்டாம் கட்டிலில் மெத்தை விரிப்பு இல்லாமல் கிடந்தது, துடைத்த மருந்துத் தண்ணீர் இன்னும் காயவில்லை. ஏழில் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்துக் கண் விழித்திருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கையில் பச்சை. முழங்கைவரைக்கும் புள்ளி வைத்த கோலம். அப்பாடா என்று வந்தது புஷ்பத்துக்கு. வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன மறு விநாடி அந்த வெறும் மெத்தையைப் பார்த்தாள், தன் மணிக்கட்டைப் பார்த்தாள், தன்னைப் போல ஒரு பாவி உண்டா என்று நினைத்தாள். அப்பாடா என்றா சொல்வது, அந்தப் பிடியைப் பிடித்தவளுக்கு. "மூணு மணிவாக்குல போயிட்டாவ" என்று பின்னால் வந்து நின்ற மாரிச்செல்வி சொன்னாள். "கஷ்டப்படல சிஸ்டர். ராத்திரி எல்லாம் ஒரே சிரிப்புன்னாவ நைட் ஸ்டாஃப்."

போன் அடித்தது. நாலு மணி தாண்டியிருந்தது. புஷ்பம் எடுத்தாள், கட்டிலருகே குனிந்தாள். முதலில் கேட்டாள்: "எம்மா, உங்க பேரு என்ன?" மாஸ்க்குக்குள்ளிருந்து மெல்ல வந்தது: "ஆவுடை." "ஊரு?" "சங்கரன்கோயிலு." வீடியோவைப் போட்டாள். திரை நிறையத் தலைகள். கோமதி, அவள் புருஷன், யாரோ ஒரு சித்தி, இடுக்கில் இரண்டு பிள்ளைகள், ஒருத்தர் தோளுக்கு மேல் ஒருத்தர் எட்டிப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு சத்தம். "ஒரு ஆளுக்கு மேல..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த புஷ்பம் பாதியில் நிறுத்தினாள். "எல்லாரும் வாங்க" என்றாள். "கிட்ட வாங்க, கிட்ட வந்து பேசுங்க." கருப்புக் குட்டியைத் தூக்கிக் காட்டினார்கள், அது கத்தியது. கூச்சல் சற்று அடங்கினதும் கோமதி முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "எம்மா, நேத்து நா சொன்னதெல்லாம் கேட்டியாம்மா? நீ ஒண்ணுமே சொல்லலியே. மனசுல வச்சிருக்கியா?" போனைப் பிடித்திருந்த புஷ்பத்தின் கை நடுங்கியது. சொல்லிவிட வேண்டியதுதான், இப்போதே சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள். ஆவுடையம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பச்சை குத்தின கையை எழுப்பிப் புஷ்பத்தின் கையை, போனோடு சேர்த்து, ஆடாமல் பிடித்தாள். பிறகு பக்கத்து வெறும் கட்டிலைப் பார்த்தாள்.

"கேட்டேன் தாயி" என்றாள். மூச்சு வாங்கினாள். "பக்கத்துலதானே கெடந்தேன். ரெண்டு பேரும் கேட்டோம். அவளுக்கும் யாரு இருக்கா, பேசட்டும்னு இருந்துட்டேன்."

"என்னம்மா சொல்லுத? ரெண்டு பேரா? கூட யாரும்மா?" என்றாள் கோமதி.

ஆவுடையம்மாவுக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை, கண்ணை மூடிக்கொண்டாள், பிடியை மட்டும் விடவில்லை. திரையிலிருந்த அத்தனை தலைகளும் பதிலுக்குக் காத்திருந்தன.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாவ" என்றாள் புஷ்பம். "வெள்ளத்தாய்னு பேரு."